எதுவரைக்கும் இருக்கு?

மே மாதக் கடைசி வாரத்தில் ஒருநாள் பொழுது சாய்ந்த நேரம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த ஒரு கத்தை நோட்டீசை எடுத்து என்னிடம் நீட்டினார். "டீச்சர், இதுல எது நல்ல பள்ளிக்கூடம்னு பாத்துச் சொல்லுங்க."

அவருடைய மகள் எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். ஜூனில் ஆறாம் வகுப்பு. மகன் மூன்றாம் வகுப்புக்குப் போகிறான். அவனை எடுத்த எடுப்பிலேயே வேன் வரும் பள்ளியில் போட்டாயிற்று. மகளைப் பற்றித்தான் கேள்வி.

நோட்டீசுகளைத் தரையில் பரப்பினேன். ஆறு இருந்தன. வழவழப்பான தாள், டை கட்டிய குழந்தைகள், கராத்தே, அபாகஸ், ஸ்மார்ட் கிளாஸ், 'அனைத்து வழித்தடங்களிலும் வேன் வசதி'. ஒன்றில் இருந்த குழந்தைக்குப் பொன்னிற முடி. குமராட்சி ஒன்றியத்தில் அப்படியொரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒன்றில் மெட்ரிக் என்றிருந்தது, ஒன்றில் சிபிஎஸ்இ, இன்னொன்றில் நர்சரி மற்றும் பிரைமரி. அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார். படித்துவிட்டுக் கேட்டார்: "மெட்ரிக்குனா என்னா, இந்த சிபிஎஸ்இன்னா என்னா? எல்லாம் பள்ளிக்கூடந்தான?"

தமிழில் முனைவர் பட்டம் வாங்கி இருபது வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் நான்கு நிகண்டுகளைப் புரட்டுவேன். இந்த மூன்று சொற்களையும் அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதிவைக்கிறேன். கேட்க வேண்டிய கேள்விகள் உண்மையில் மூன்றுதான்: பள்ளியை யார் நடத்துகிறார்கள், காசு யார் கொடுக்கிறார்கள், பாடம் யாருடையது. ஒன்றியப் பள்ளியும் நகராட்சிப் பள்ளியும் அரசு உயர்நிலைப் பள்ளியும் அரசு நடத்துபவை, அரசே செலவு செய்பவை. உதவிபெறும் பள்ளியை ஒரு அறக்கட்டளையோ திருச்சபையோ தனி நிர்வாகமோ நடத்தும். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். சிதம்பரத்தின் பழைய பள்ளிகள் பல இந்த வகையில் வந்தவை. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தனியார் கொடையில் பள்ளிக்கூடம் எழுப்பும் பழக்கம் எங்கள் பக்கத்தில் அவ்வளவு பழையது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இன்னொரு வகை. இவையும் அரசுப் பள்ளிகள்தான், ஆனால் கல்வித்துறைக்குக் கீழ் வராமல் நலத்துறைக்குக் கீழ் வருபவை. தமிழ்நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன.

மெட்ரிக் என்பது கதையுள்ள சொல். மெட்ரிகுலேஷன் என்பது ஒருகாலத்தில் பல்கலைக்கழகம் நடத்திய நுழைவுத் தேர்வின் பெயர். 1970களில் அந்தப் பள்ளிகள் பல்கலைக்கழகங்களிடமிருந்து மாநில அரசின் கைக்கு வந்தபோது சில டஜன்தான் இருந்தன. பிறகு ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றுக்குத் தனிப் பாடத்திட்டம், தனித் தேர்வு. முத்துக்குமரன் குழு சொன்னதை வைத்து 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து மெட்ரிக் பள்ளிப் பிள்ளை படிப்பதும் அரசுப் பள்ளிப் பிள்ளை படிப்பதும் ஒரே பாடம். எழுதுவதும் ஒரே பொதுத்தேர்வு. பெயர்ப் பலகையில் 'மெட்ரிக்' என்ற சொல் மட்டும் நின்றுவிட்டது, ஜமீன் போன பிறகும் ஜமீன்தார் வீடு என்று சொல்வதுபோல. வேறுபாடு வேண்டும் என்று நினைத்தவர்கள் அடுத்த சொல்லுக்குப் போனார்கள். சமச்சீருக்குப் பின்னால்தான் எங்கள் பக்கத்துச் சிறுநகரங்களில் சிபிஎஸ்இ பலகைகள் முளைத்தன. பாடம் ஒன்றானதும் வேறு பாடத்தைத் தேடிப் போனது எதனால் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். பிறகு வருகிறேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் நோட்டீசுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார்: "இது எதுவரைக்கும் இருக்கு?"

முதலில் எனக்குப் புரியவில்லை. "எத்தினியாவது வரைக்கும்? அஞ்சாவதோட முடிஞ்சா மறுபடி அலையணும். எட்டாவதோட முடிஞ்சா அவங்க அப்பா போதும்னுடும். பத்தோட முடிஞ்சா எங்க மாமியா மாப்ள பாக்க ஆரமிச்சுடும். அதான் கேக்குறன்."

மூன்று கேள்விகள்தான் என்று சொல்லியிருந்தேன். நான்காவதை அவர் கேட்டார். ஒரு பெண்பிள்ளையைப் பொறுத்தவரை அதுவே முதல் கேள்வி.

தொடக்கப் பள்ளி ஐந்துவரை, நடுநிலை எட்டுவரை, உயர்நிலை பத்துவரை, மேல்நிலை பன்னிரண்டுவரை. இந்தப் பிரிவை நாம் ஏதோ நிர்வாக வசதி என்று வாசித்துப் பழகிவிட்டோம். பையனுக்கு அது வெறும் பள்ளி மாற்றம். சைக்கிளை வேறு பக்கம் திருப்பினால் போதும். பெண்ணுக்கு ஒவ்வொரு முடிவும் வெளியேறும் வாசல். என் அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் மக்காக இருந்து நிற்கவில்லை. பள்ளிக்கூடம் எட்டோடு நின்றதால் நின்றார். மேற்கொண்டு படிக்கப் பேருந்து ஏற வேண்டும். பேருந்து ஏறும் பெண்ணைப் பற்றி ஊர் பேசும். 1978இல் தமிழ்நாட்டில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகள் பள்ளிக்குள் வந்தன. அதற்கு முன் புகுமுக வகுப்புக்குப் பட்டணத்துக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். கல்வி வரலாறு எழுதுபவர்கள் இதை ஒரு கட்டமைப்பு மாற்றம் என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். என்னைப்போல் ஊரிலிருந்து வந்த பெண்களுக்கு அது இரண்டு வருட ஆயுள். இரண்டு வருடம் கல்யாணம் தள்ளிப்போனது. அந்த இரண்டு வருடத்தில்தான் நான் கவிதை எழுதத் தொடங்கினேன்.

அரசும் இந்தக் கணக்கை அறிந்தே இருந்தது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தபோது எட்டாம் வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பிறகு அது பத்தாம் வகுப்பானது. 2011இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்ந்தது. பெண்ணைப் படிக்க வைப்பதற்கு, படிப்பின் முடிவில் ஒரு தாலியைக் காட்ட வேண்டியிருந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடி, தன் வாழ்க்கையையே 'தாசிகள் மோசவலை' என்ற நாவலாக்கிய ஒரு பெண்மணியின் பெயரில் அது நடந்தது. திட்டத்தால் பலர் படித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருடம் கழித்து, 2022இல்தான், அந்தப் பணம் கல்யாணத்திலிருந்து கல்லூரிக்குத் திரும்பியது. அதுவே புதுமைப்பெண் திட்டம். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். என் வகுப்பில் உட்காரும் பெண்களில் பலர் அதை வாங்குகிறவர்கள். அந்த ஆயிரம் எதற்குச் செலவாகிறது என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். பஸ்சுக்கு, நாப்கினுக்கு, ஜெராக்சுக்கு. ஒருத்தி மட்டும் எழுந்து, "என் பேர்ல இருக்கு மேம், அதுவே போதும்" என்றாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து என்பதைக் கவனியுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும் அதே கணக்கு. அதனால் வாசற்படியில் அன்று நோட்டீசோடு உட்கார்ந்திருந்தவர் மிகச் சரியான நேரத்தில் கேட்டிருந்தார். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்க வேண்டிய 25 விழுக்காடு இடமோ நுழைவு வகுப்பில்தான். ஆறாம் வகுப்புக்கு அந்தக் கதவு கிடையாது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துச் சொன்னேன்: "பாப்பாவ அரசு மேல்நிலைப் பள்ளியிலயே சேத்துடுங்க. பன்னெண்டுவரைக்கும் ஒரே இடம். அலைச்சல் இல்ல, செலவு இல்ல, பின்னாடி சலுகையும் இருக்கு."

தலையை ஆட்டினார். நோட்டீசுகளை அடுக்கினார். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே, பழி எதுவும் இல்லாத குரலில், தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்டார்: "நம்ம பாப்பா படிக்கிறது இதுல எது டீச்சர்?"

அந்த ஆறு நோட்டீசில் ஒன்று என் மகள் படிக்கும் பள்ளியுடையது.

அன்றிரவு நான் கொண்டது வெட்கமா, வேறு எதுவுமா என்று எனக்கே தெளிவில்லை. நான் அவருக்குச் சொன்னது பொய்யான ஆலோசனையா? இல்லை. அவருடைய நிலையில் அது சரியான ஆலோசனை. அப்படியானால் எனக்கு ஏன் அது சரியான ஆலோசனை ஆகவில்லை? ஒருவருக்குச் சரியானது இன்னொருவருக்குச் சரியில்லாமல் போவது சாதாரணம்தான். நீரிழிவு உள்ளவருக்கு ஒரு சாப்பாடு, இல்லாதவருக்கு வேறு. ஆனால் இங்கே வேறுபாடு உடம்பில் இல்லை, பையில் இருந்தது. காசு உள்ளவளுக்கு ஒரு நியாயமும் இல்லாதவளுக்கு இன்னொரு நியாயமும் இருந்தால் அதை நியாயம் என்று சொல்லலாமா?

என் வீட்டிலேயே ஒருகாலத்தில் இரண்டு நியாயம் இருந்தது. என் தம்பி எனக்கு இரண்டு வயது இளையவன். அவன் சிதம்பரத்தில் ஒரு ஆங்கிலப் பள்ளியில் படித்தான். அப்பா தினமும் டிவிஎஸ் ஃபிஃப்டியில் அவனைப் பேருந்து நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விடுவார். நான் அதே சாலையில் எதிர்ப்பக்கம், நான்கு நிறுத்தம் தள்ளியிருந்த அரசுப் பள்ளிக்கு நடந்தும் பேருந்திலும் போனேன். அவனுக்கு ஷூ, எனக்கு ரப்பர் செருப்பு. யாரும் இதை அநியாயம் என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை என்பதே அதில் பெரிய அநியாயம். அம்மா அவன் ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது நான்தான் துணி எடுத்துக் கொடுப்பேன். அப்பா கெட்டவர் இல்லை. ஒரு ஏக்கர் குத்தகையும் ஒரு சின்ன வேலையும் வைத்திருந்தவரால் ஒரு பிள்ளைக்குத்தான் அந்தக் கட்டணம் கட்ட முடியும். எந்தப் பிள்ளை என்று அவர் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய விஷயமாக அது அவர்முன் வரவே இல்லை.

பிற்பாடு நான் தமிழ் படித்தேன், ஆய்வு செய்தேன், கவிதைத் தொகுப்புகள் வந்தன. பாராட்டுக் கூட்டங்களில் யாராவது, "அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்ததால்தான் இவருக்கு இந்தத் தமிழ்" என்று சொல்வார்கள். கைதட்டல் எழும். எனக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தும். எங்கள் தமிழாசிரியை எனக்குக் கொடுத்ததற்கு ஈடில்லை. மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து எனக்கு யாப்பு சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆனால் அந்த மரத்தடிக்கு நான் வந்து சேர்ந்தது, செலவு செய்யத் தகுதியற்ற பிள்ளையாக. கிடைத்தது நல்லதாகப் போனதால் தள்ளியது நியாயமாகிவிடாது. தம்பியின் கதையையும் சொல்ல வேண்டும். வீட்டின் காசு முழுவதும் அவன் தலையில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்று அறிக்கையை மூன்றுநாள் வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருந்தான். இன்று சிங்கப்பூரில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். போன வருடம் வந்தபோது, "ஒன்னய மாதிரி யாரும் என்னயக் கண்டுக்காம வுட்டுருந்தா நல்லாருந்திருக்கும்க்கா" என்றான். ஆண்பிள்ளைக்குத் தரும் சலுகையிலும் ஒரு சுருக்குக் கயிறு இருக்கிறது. அதை அவன் வாயால் கேட்க எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

இப்படி வளர்ந்தவள் தன் ஒரே மகளைத் தனியார் பள்ளியில் போட்டதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தேன். பெண்பிள்ளைக்கு மறுக்கப்பட்டதைப் பெண்பிள்ளைக்கே தருகிறேன் என்பது அது. கேட்க நன்றாக இருக்கும். பெண்ணியம்போலவே ஒலிக்கும். சில தோழிகள் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இங்கிலாந்தில் ஆடம் ஸ்விஃப்ட் என்ற தத்துவ ஆசிரியர் 2003இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். தனியார் பள்ளிகள் கூடாது என்று நம்பும் பெற்றோர் தம் பிள்ளையை அங்கே அனுப்பினால் அது பாசாங்கா என்பதே கேள்வி. அவர் பெற்றோரை எளிதில் தண்டிப்பதில்லை. அருகிலிருக்கும் பள்ளியில் உன் பிள்ளைக்குப் போதுமான கல்வியே கிடைக்காது, அங்கே அது துன்பப்படும் என்றால் வேறு பள்ளி தேடுவது நியாயமே என்கிறார். ஆனால் போதுமானது கிடைக்கும்போதும், மற்றப் பிள்ளைகளைவிட ஒருபடி முன்னால் நிறுத்துவதற்காகக் காசு கொடுத்தால், அது பாசத்தின் பெயரில் வரிசையை மீறுவது. வரிசையில் ஒருவர் முன்னால் போனால் இன்னொருவர் பின்னால் போகத்தான் வேண்டும்.

இந்த உரைகல்லில் என்னைத் தேய்த்துப் பார்த்தேன். நான் எதை வாங்கினேன்? பாதுகாப்பை வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கழிப்பறை, தண்ணீர், நாப்கின் மாற்ற ஒரு அறை. பெண்ணுக்கு இவை ஆடம்பரம் இல்லை. நான் படித்த காலத்தில் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போகாதவர்கள் வகுப்பில் பாதிப் பேர். ஆனால் என் மகளைச் சேர்ப்பதற்கு முன் எங்கள் ஊரைச் சுற்றியிருக்கும் அரசுப் பள்ளி ஒன்றின் கழிப்பறையையாவது போய்ப் பார்த்தேனா? இல்லை. பார்க்காமலே தீர்மானித்தேன். அரசுப் பள்ளிகளில் பல இப்போது நன்றாக இருப்பதைப் பின்னால் தேர்தல் வேலைக்குப் போனபோதுதான் கண்டேன். பாதுகாப்பு என்பது நான் என் மனச்சாட்சிக்கு எழுதிய விடுப்புக் கடிதம்.

காசு கொடுத்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்பதும் பொய். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்துபோனார்கள். எங்களுக்கு அணைக்கரை தாண்டினால் கும்பகோணம். அன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லை. அந்த ஒரே கட்டடத்தில் உதவிபெறும் பள்ளி, நர்சரி பள்ளி, பெண்கள் உயர்நிலைப் பள்ளி என்று மூன்று வகைப் பள்ளிகள் இயங்கின. மேலே கீற்றுக்கூரை, கீழே சத்துணவு சமைக்கும் அடுப்பு, இறங்க ஒரே குறுகிய படிக்கட்டு. பலகையில் வகைகள் வேறு வேறாக இருந்தன. நெருப்புக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை.

அப்படியானால் வாங்கியது என்ன? ஆங்கிலம். ஆமாம். தமிழ்ப் பேராசிரியை தன் மகளுக்கு ஆங்கிலம் வாங்கினாள், எழுதிவிடுகிறேன். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அதை நான் யாரிடமும், என் கணவரிடமும்கூட, வாய்விட்டுச் சொன்னதில்லை. என் மகள் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதையும் நான் வாங்கினேன். டாக்டர் மகள், வங்கி மேலாளர் மகன். காலனியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவரின் மகள் அந்த பெஞ்சில் இருக்க மாட்டாள் என்பதை நான் விரும்பித் தேடவில்லை. ஆனால் கட்டணத்தில் அதுவும் சேர்ந்திருந்தது. சேர்ந்திருப்பது எனக்குத் தெரியும். என் அம்மா அவரை "வா, போ" என்று பேசும்போது முகம் சுளிப்பவள் நான். "நீங்க" என்று மரியாதையாகப் பேசுகிறவள். மரியாதைக்குச் செலவு ஒன்றும் இல்லையே.

சமச்சீர் வந்ததும் சிபிஎஸ்இ பலகைகள் ஏன் முளைத்தன என்ற கேள்வியை விட்டு வந்தேன் அல்லவா? பாடம் ஒன்றானால் பெஞ்சும் ஒன்றாகிவிடுமோ என்ற பயம்தான். தரம் என்ற சொல்லை நாம் சாதியை மடித்துவைக்கும் துணியாகப் பயன்படுத்துகிறோம்.

இந்தப் பயத்துக்கு எங்கள் மண்ணில் வயது அதிகம். கொள்ளிடக் கரை ஆதனூர்க்காரர் என்று பெரியபுராணம் சொல்லும் நந்தனார் தில்லைக்குள் நுழைய நெருப்பில் மூழ்க வேண்டியிருந்தது. அந்த நந்தனார் பெயரில் 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மற்றப் பள்ளிகளின் வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாசல் வேண்டியிருந்தது. இன்று சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக அரசு மேல்நிலைப் பள்ளிகள் உள்ளன. நூறு வருடத்துக்கு முன் ஒரு தனிப் பள்ளி விடுதலையாக இருந்தது. இப்போதும் அது தனியாகவே இருப்பதற்கு அந்தப் பள்ளி காரணமில்லை. மற்றப் பிள்ளைகளை அங்கே அனுப்பாத நாம்தான் காரணம். நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவனை அவன் வகுப்புத் தோழர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் 'ஆதிதிராவிடர் நலம்', 'கள்ளர் சீரமைப்பு' போன்ற அடையாளங்களை நீக்க வேண்டும் என்று அந்தக் குழு 2024இல் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. ஆனால் பலகையை மாற்றினால் உள்ளே வரும் பிள்ளைகளும் மாறுவார்களா என்பது என்னைப் போன்றவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

1966இலேயே கோத்தாரி குழு சொல்லிவிட்டது, ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பொதுப்பள்ளியில் படிக்க வேண்டும் என்று. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இல், அரசிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு தீர்ப்புத் தந்தது. நடைமுறைக்கு வரவில்லை. அந்தச் செய்தியை ஆசிரியர் அறையில் வாசித்தபோது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று இப்போது யோசிக்கிறேன். என் சம்பளம் எங்கிருந்து வருகிறது? தமிழ் படிக்க வரும் பிள்ளைகளால். அவர்களில் ஏறத்தாழ எல்லாரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் வரும்வரை எனக்கு வேலை. அந்த வேலையில் கிடைக்கும் பணத்தில் என் மகளை அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி உட்கார வைக்கிறேன்.

கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் கரையோர ஊர்ச் சனங்கள் பாயும் பாத்திரமுமாக வந்து ஒதுங்குவது அரசுப் பள்ளியில்தான். வேன் வசதி உள்ள பள்ளிகள் அன்றைக்குப் பூட்டியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவரிடம் நானாகவே பேச்செடுத்தேன். மகனையும் வேன் பள்ளியிலிருந்து மாற்றலாமே, இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கட்டுமே, பெண்ணுக்கு ஒன்று பையனுக்கு ஒன்று எதற்கு என்றேன். என் தம்பியின் கதையையும் சொன்னேன். எனக்குள் ஒரு பிரசங்கி விழித்துக்கொண்டிருந்தாள்.

சாணியை வழித்துக் கூடையில் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். "மாத்துனா அந்த வேன் காசு மிச்சமாவும். அந்த மனுசன் அதக் கொண்டாந்து என் கையில குடுக்கும்னா நெனக்கிறீங்க? டாஸ்மாக்குக்குத்தான் போவும். பள்ளிக்கூடத்துக்காரனாவது வாங்கிக்கட்டும் டீச்சர். புள்ள பேரச் சொன்னாத்தான் அந்தக் கை நீளுது. பொண்ணு பேரச் சொன்னா நீளாது. அதுக்கு நானு இருக்கன்."

நான் ஒன்றும் பேசவில்லை. தேர்வு, சமத்துவம், பொதுப்பள்ளி என்று நான் அடுக்கி வைத்திருந்தவை எல்லாம் ஒரு வீட்டில் காசு யார் கையில் இருக்கிறது என்ற இடத்தில் வந்து நின்றன. மகனுக்குச் சலுகை செய்கிறார் என்று நான் நினைத்தது, கணவரிடமிருந்து அவர் பிடுங்கி எடுக்கும் ஒரே வரி. அந்தப் பையனும் ஆறாம் வகுப்பில் மாறிக்கொள்ளலாம், அதற்குள் என்னென்ன மாறுமோ. மூன்று வருடம் இருக்கிறது.

என் மகள் எட்டாம் வகுப்பு. அவளை மாற்றினேனா என்று கேட்பீர்கள். மாற்றவில்லை. அவளிடம் கேட்டேன். "ஃப்ரெண்ட்ஸ விட்டுட்டு எப்படிம்மா வருவேன்" என்றாள். அவளுக்கு ஃப்ரெண்ட்சைத் தேர்ந்து கொடுத்தவள் நான்தான், எனவே அந்தப் பதிலும் ஓரளவு என்னுடையதுதான்.

ஜூன் முதல் வாரத்தில் சேர்க்கைக்கு என்னையும் கூப்பிட்டார். படிவம் நிரப்ப ஆள் வேண்டும். வரிசையில் அம்மாக்கள்தான் அதிகம். அப்பாக்கள் இரண்டு மூன்று பேர், வெளியே புங்கமர நிழலில். பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். பெயர், பிறந்த தேதி, ஆதார், சாதிச் சான்று. பயிற்று மொழி என்ற இடம் வந்தது. அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவும் இருக்கிறது. மேசையிலிருந்த ஆசிரியை, "தமிழா, இங்கிலீஷா?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். தமிழ்வழியில் படித்தால் அரசு வேலையில் இருபது விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது, 2010இலேயே சட்டம் வந்துவிட்டது என்று சொன்னேன். தமிழ் நன்றாக வந்தால் எதுவும் வரும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பாடப்புத்தகம்போலக் கேட்டது.

சிறுமி அம்மாவின் முந்தானையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"இங்கிலீஷ்."

"ஏன் பாப்பா?"

"தம்பி இங்கிலீஷ்லதான படிக்கிறான்."

அவர் சிரித்தார். "அவ சொன்னதயே எழுதுங்க டீச்சர்." பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில், தமிழில், 'ஆங்கிலம்' என்று எழுதினேன்.